வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்கு டிரிப்ஸ் போடலாமா? தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பவள். எழுதுவது இதுதான் முதல்முறை.

அம்மாவுக்கு 67 வயது. சினைப்பையில் வந்த புற்றுநோய் இப்போது வயிறு முழுக்கப் பரவிவிட்டது. இனிமேல் கீமோவை உடம்பு தாங்காது, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் வரை அரை இட்லி உள்ளே போனது. இப்போது இரண்டு ஸ்பூன் கஞ்சி போதும் என்று கையைத் தள்ளிவிடுகிறாள். வயிற்றில் நீர் கோர்த்துப் பானை மாதிரி இருக்கிறது. உதடு வெடித்து, நாக்கு காய்ந்துபோய்க் கிடக்கிறது. ராத்திரி விழித்துத் தண்ணீர் கேட்பாள், இரண்டு மடக்கு குடிப்பதற்குள் புரையேறிவிடும்.

தாய்மாமா தினமும் வந்து சத்தம் போடுகிறார். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா எந்திரிச்சு உக்காந்துருவா, கம்பவுண்டர வரச் சொல்லட்டா?" என்கிறார். அத்தை ஒருபடி மேலே போய், தண்ணி தராமல் சாகவிட்ட பாவம் நமக்கு வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். டாக்டரோ டிரிப்ஸ் தேவையில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்த நிலைமையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான்:

தங்கச்சி, நானும் உங்கள் மாவட்டம்தான். அப்பாவை இதே மாதிரி வீட்டில் வைத்துப் பார்த்தோம். கல்லீரல் நோய். சொந்தக்காரர்கள் நெருக்கியதால் டிரிப்ஸ் போட்டோம். மூன்றாவது பாட்டிலுக்குள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தெம்பு வரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தியதில் தோல் கன்றிப்போனது.

உங்கள் அத்தை ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. தலைக்கூத்தல் நடந்த மண் இது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துச் சாக அனுப்பிவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் "தண்ணி குறைச்சுட்டாங்க" என்று காதில் விழுந்தாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும். நீங்கள் செய்வது அதற்கு நேர் எதிரானது. ராப்பகலாக முழித்து ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். யார் என்ன சொன்னாலும் அந்தப் பழியை மனசில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

---

இரவுப்பணி:

நான் வலிநிவாரண வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வீடுகளுக்கும் போவேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

முதலில் அந்த குளுக்கோஸ் பாட்டில். 500 மி.லி. பாட்டிலில் 5 சதவீதம் குளுக்கோஸ் என்றால் உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட முழுதாக வராது. மீதியெல்லாம் தண்ணீர். அதை ஏற்றி யாரும் எழுந்து உட்கார மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு இருக்கும் நோயில் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் பெரும்பாலும் குறைந்திருக்கும். தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைப்பதே அதுதான். அது இல்லாதபோது ஏற்றுகிற தண்ணீர் வயிற்றுக்கும் காலுக்கும் நுரையீரலுக்கும் கசிந்துவிடும். ஏற்கெனவே கோர்த்திருக்கும் நீர் கூடும், அதோடு மூச்சுத்திணறலும் கூடும். உங்கள் டாக்டர் வேண்டாம் என்றது இதனால்தான். கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது, தாகம். இந்தக் கட்டத்தில் தாகம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் வாய் வறட்சி. வாயால் மூச்சு விடுவது, வலி மருந்தான மார்ஃபின், வாந்திக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள், வாய்ப்புண் எல்லாம் சேர்ந்து வாயைக் காய வைக்கும். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் இந்த வறட்சி அப்படியேதான் இருக்கும். வாயை ஈரமாக வைத்தால் போகும். அதனால் உங்கள் நேரத்தையும் கவனத்தையும் நரம்பில் செலவழிக்காமல் வாயில் செலவழியுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டை உயர்த்தி, அம்மாவின் முகத்தை ஒருபக்கம் சாய்த்து, கன்னத்துக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, பல், ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள். வழிகிற தண்ணீர் துண்டில் வடியட்டும். பிரஷ் உறுத்தினால் சுத்தமான மல் துணியை நனைத்துப் பயன்படுத்தலாம். அரைத்தூக்கத்தில் இருப்பவர்களின் பல்லுக்கு நடுவே விரலை விட வேண்டாம், தெரியாமல் கடித்துவிடுவார்கள். கட்டுப்பல் இருந்தால் ராத்திரி கழற்றிவிடுங்கள்.

முழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். நடுவில் வாய் காய்ந்தால் சும்மா தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். துடைத்தபிறகு உதட்டில் தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுங்கள். ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எண்ணெய்ப்பசையும் வாஸலினும் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தண்ணீர் சார்ந்த ஜெல்தான் அவர்களுக்கு. எலுமிச்சைச் சாறும் கிளிசரினும் கலந்து தடவுகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது வாயை இன்னும் காய வைக்கும், புண்ணில் எரியும். தவிர்த்துவிடுங்கள்.

நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளைத் திட்டு இருந்து, அதைத் துடைத்தால் கீழே சிவந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று. கிளோட்ரிமசோல் மருந்து டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சில நாளில் எரிச்சல் குறையும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் இது சரியானதும் இரண்டு ஸ்பூன் கூடுதலாகச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அம்மா கையைத் தள்ளினால் விட்டுவிடுங்கள். சாப்பிடாததால் இந்த நிலை வரவில்லை. இந்த நிலை வந்ததால் உடம்பு சாப்பாட்டைக் கேட்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்தால் வாந்தியும் வயிற்று வலியும்தான் வரும்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியன்:

செவிலியர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் டிரிப்ஸே கூடாது என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என் மனைவிக்குக் குடலில் புற்றுநோய். ஒரு கட்டத்தில் விடாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தார். கடைசிக் கட்டம் என்றே நாங்கள் நினைத்தோம். மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு நாள் திரவம் ஏற்றினார், மருந்தையும் மாற்றினார். தெளிந்து, பேரக்குழந்தைகளோடு பேசினார். அதன்பிறகு சில மாதங்கள் எங்களோடு இருந்தார். அன்றைக்கு வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்த மாதங்கள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

---

இரவுப்பணி:

சார், நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, எழுதியதற்கு நன்றி. வாந்தி, பேதியால் திடீரென்று நீர் வற்றுவது, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, உடம்பு வறண்டு மார்ஃபின் தேங்கிக் குழப்பம் வருவது எல்லாம் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். நேற்று வரை நடமாடிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று படுத்துவிட்டால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி வந்திருப்பது வேறு. மல்லிகைப்பந்தல் எழுதியதைப் பார்த்தால் அவர் அம்மாவுடையது இந்த இரண்டாவது வகை.

இதை ஆராய்ச்சியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹூஸ்டனில் எட்வர்டோ புருவேரா என்ற மருத்துவரின் குழு 2013இல் வெளியிட்டது. லேசாக நீர் வற்றியிருந்த, முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேர். ஒரு பாதிப் பேருக்கு தினமும் 1 லிட்டர் சலைன் என்கிற உப்புநீர், மறுபாதிக்கு வெறும் 100 மி.லி. யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. களைப்பு, குழப்பம், தூக்கக் கலக்கம், உயிரோடு இருந்த நாள் எதிலுமே இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

குடும்பத்துக்கு மனசு ஆறவே இல்லை, உடம்பில் வீக்கமும் இல்லை என்றால், தோலுக்கடியில் ஏற்றுகிற முறை ஒன்று உண்டு. நரம்பைத் தேட வேண்டியதில்லை. தொடையில் தோலுக்குக் கீழே சின்ன பட்டர்ஃபிளை ஊசியைப் போட்டு, 500 மி.லி. சலைனை ராத்திரி முழுக்க மெதுவாக இறங்க விடுவோம். டாக்டர் சொல்லி, செவிலியர் வந்து போட வேண்டியது இது. இரண்டு மூன்று நாள் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். உங்கள் அம்மாவுக்கு வயிற்றில் நீர் இருப்பதால் இதையும் நான் சொல்ல மாட்டேன்.

---

மல்லிகைப்பந்தல்:

அக்கா, காலையிலிருந்து நீங்கள் சொன்ன மாதிரி வாயைத் துடைக்கிறேன். முதல்முறை பிரஷ் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அவளாகவே வாயைத் திறந்தாள். நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.

புரையேறுவதற்கு என்ன செய்வது? குழந்தைக்குக் கொடுக்கிற பாலாடையில் ஊற்றினால் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இன்னொன்று, அம்மா கலர் கேட்கிறாள். பொவண்டோ வேண்டுமாம். கொடுக்கலாமா?

---

குமரிக்கடல்:

பாலாடை வேண்டவே வேண்டாம் அக்கா. அதில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது நம் கையில் இருக்காது, அவர்களாலும் நிறுத்த முடியாது. டீஸ்பூன்தான் நல்லது. என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து விழுங்குவது குறைந்தபோது பேச்சு, விழுங்கல் பயிற்சி தருபவர் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். தாடை லேசாக நெஞ்சை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். நாம் நின்றுகொண்டு ஊட்டினால் அவர்கள் அண்ணாந்து வாங்குவார்கள், அப்போதுதான் புரையேறும். அதனால் நாமும் உட்கார்ந்து, அவர்கள் கண் மட்டத்துக்குக் கீழேயிருந்து கொடுக்க வேண்டும். அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கொடுத்து அரை மணி நேரமாவது சாய்க்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு சொட்டுகூட வேண்டாம்.

வெறும் தண்ணீர்தான் ரொம்பப் புரையேறும். கொஞ்சம் கெட்டியாக இருப்பது தொண்டையில் மெதுவாக இறங்கும். ஜவ்வரிசிக் கஞ்சி, கடைந்த தயிர், கேப்பைக் கூழ் எல்லாம் மாமியாருக்கு நன்றாகப் போனது. சித்திரை, வைகாசியில் நுங்கு கிடைத்தால் தோலை உரித்து மசித்துக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பொவண்டோவைத் தாராளமாகக் கொடுங்கள்! கேஸ் போகும்வரை ஆற்றி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு சின்னக் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, துணியின் நுனியை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா வாயில் வையுங்கள். உறிஞ்சிக்கொள்வார். கட்டி தொண்டைக்குள் போகாது. மோர், நன்னாரி சர்பத் எதையும் இப்படிச் செய்யலாம்.

---

இரவுப்பணி:

குமரிக்கடல் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆசைப்பட்டுக் கேட்கிற பொவண்டோவை மறுக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தாலும் இந்தக் கட்டத்தில் நாக்கு நனைகிற அளவுக்குப் பயமில்லை.

---

கரிசல்காட்டான்:

மாமாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. எங்கள் வீட்டில் சித்தப்பா இப்படித்தான் சத்தம் போட்டார். அப்பாவோடு கூடப் பிறந்தவர், கண் முன்னால் அண்ணன் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவரால் முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே காரியம் டிரிப்ஸ் போட ஆள் கூட்டிவருவது. அவரிடம் அல்புமின், கலோரி என்று விளக்கினால் எடுபடாது. வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள். "மாமா, அம்மாவுக்குச் சாயங்காலம் வாய் துடைக்கிறது உங்க பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். தங்கச்சிக்குத் தன் கையால் தண்ணீர் தொட்டு வைக்கிற வேலையை எந்த அண்ணனும் மறுக்க மாட்டார்.

டாக்டரையே நேரில் அவரிடம் பேசச் சொல்வதும் உதவும். நாம் சொன்னால் சின்னப் பிள்ளை சொல்கிறது என்பார்கள்.

---

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்தார். இப்படி ஒன்று இருப்பதே இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. முதுகைப் புரட்டிப் பார்த்து, இடுப்பெலும்பு மேல் சிவந்திருப்பதைக் காட்டினார். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாதாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொன்னார். ஏர் பெட் வாங்கப் போகிறோம்.

மாமாவிடமும் அவர் பேசினார். மாமா முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் கம்பவுண்டர் பேச்சை இப்போது எடுப்பதில்லை. பொவண்டோ பாட்டில் வாங்கி வந்தது அவர்தான்.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது அக்கா. மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாள் என்று தம்பி பயப்படுகிறான். அப்புறம், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் பால் ஊற்றுவார்கள் அல்லவா? அத்தை இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். அப்போது புரையேறாதா?

---

இரவுப்பணி:

மார்ஃபின் விஷயத்தில் தம்பிக்கு இருக்கிற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. வலி வந்தபிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வலியை அடக்க இன்னும் கூடுதல் மருந்து தேவைப்படும். இந்த மாத்திரை நம் ஊரில் கிடைப்பதற்கே எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! 1985இல் வந்த போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைக்காமல் விட்டன. திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி 2014இல்தான் சட்டத்தில் திருத்தம் வந்தது. கையில் இருக்கிற மருந்தைப் பயத்தால் கொடுக்காமல் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மார்ஃபின் சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் மலம் இறுகும். குடிக்கிற தண்ணீரும் குறைந்துவிட்டதால் இன்னும் இறுகும். மலமிளக்கி எழுதிக்கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியருக்குச் சொல்லிவிடுங்கள். நோயாளி காரணமில்லாமல் தவித்துப் புரண்டால் நான் முதலில் பார்ப்பது அடிவயிற்றைத்தான். மலம் அடைத்திருக்கும், அல்லது சிறுநீர் கட்டியிருக்கும். அதைச் சரிசெய்ததும் அடங்கிவிடுவார்கள்.

இனி பால். இதை நீங்கள் இப்போதே கேட்டது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. பால் ஊற்றும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது அவர்களுடைய விடைகொடுப்பு. ஆனால் நினைவில்லாதவர் வாயில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று இருபது பேர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள்தான் போகும். திணறிக்கொண்டு போக வேண்டிவரும். நான் போகிற வீடுகளில் சொல்வது இதுதான்: ஒரு கிண்ணத்தில் பால், பக்கத்தில் சுத்தமான பஞ்சு. வருகிறவர்கள் பஞ்சைத் தோய்த்து, பிழிந்துவிட்டு, உதட்டில் தொட்டு வைக்கட்டும். துளசித் தீர்த்தமும் கங்கைத் தண்ணீரும் அப்படித்தான். யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. முதலில் வீட்டுக்கு மூத்தவர் ஒருவர் அப்படிச் செய்துவிட்டால் மற்றவர்கள் அதையே பின்பற்றுவார்கள். உங்கள் அத்தையிடமே சொல்லி அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எல்லோரும் போனபிறகு வாயை ஒருமுறை துடைத்துவிடுங்கள், பால் பிசுபிசுப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியன்:

மல்லிகைப்பந்தல் அம்மா, ஒரு கேள்வி. இதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? டிரிப்ஸ் வேண்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, எங்கே இருக்க ஆசை என்று? என் மனைவியிடம் நாங்கள் கேட்டோம். ஊசி குத்தியது போதும், ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள் என்றார். அவர் வாயால் சொன்னபிறகு சொந்தக்காரர்களிடம் எனக்கு வாதமே தேவைப்படவில்லை. பேசுகிற நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

---

மல்லிகைப்பந்தல்:

இன்றைக்குக் கேட்டேன் ஐயா. மாமாவும் பக்கத்தில் இருந்தார். "என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போயிராதீக, இங்கனயே கெடக்கேன்" என்றாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வாய் துடைக்கிற துணி எங்கே என்று கேட்டார்.

மலமிளக்கி வாங்கிவிட்டேன். தொண்டையில் லேசாகக் கரகரவென்று சத்தம் வருகிறது அக்கா. கோழையா? உறிஞ்சி எடுக்க மெஷின் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள்.

---

இரவுப்பணி:

முழித்திருக்கும்போது வருகிறதென்றால், இருமித் துப்ப முடிகிறதா என்று பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காய்ச்சலோ மூச்சுவாங்கலோ கூட இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசி நாட்களில், நினைவு மங்கியபிறகு வருகிற கரகரப்பு வேறு. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி, மூச்சு அதன் மேல் போய்வரும்போது எழும் சத்தம் அது. கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும். அவர்களுக்கு அது தெரிவதில்லை. மெஷின் வைத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டால்தான் வதை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். வாயில் வழிவதை மட்டும் துடையுங்கள். தேவையென்றால் எச்சில் சுரப்பைக் குறைக்க கிளைகோபைரோலேட் போன்ற ஊசி உண்டு, செவிலியர் வந்து போடுவார். டிரிப்ஸ் ஏற்றியவர்களுக்கு இந்தச் சத்தம் கூடுதலாக வருவதையும் பார்க்கிறேன். வறண்டிருக்கும் உடம்பில் கோழையும் வாந்தியும் சிறுநீரும் குறைவு. இந்தக் கட்டத்தில் வறட்சி அவர்களுக்கு ஒருவகையில் இதம்.

சிறுநீர் குறைந்து டீ டிக்காஷன் நிறத்தில் வரும். கை, கால் சில்லிடும். மூச்சு நின்று நின்று வரும். அப்போது மாத்திரை விழுங்க முடியாது, அதற்கு என்ன செய்வது என்று செவிலியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்க ஏற்பாடு செய்வார்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நீங்களாகப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வாய் துடைப்பதை மட்டும் கடைசிவரை விட வேண்டாம். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

---

குமரிக்கடல்:

மூச்சு வாங்கும்போது ஒரு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள் அக்கா. கன்னத்தில் காற்று பட்டாலே ஆசுவாசமாக இருக்கும். சுற்றிலும் ஆட்கள் கூடி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு ஃபென்டனில் பேட்ச் ஒட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் மேல் வெந்நீர் ஒத்தடமோ, ஹாட் பேகோ வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும். கடும் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

---

புதுவரவு:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டில்தான் இருக்கிறார். நாக்கு வறட்சிக்கு இளநீர் கொடுக்கலாமா? மேலே சொன்ன வாய் துடைக்கும் முறை அவருக்கும் பொருந்துமா?

---

இரவுப்பணி:

வாய் துடைக்கும் முறை அப்படியே பொருந்தும் தம்பி. இளநீர்தான் கவனம். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். டம்ளர் கணக்கில் கொடுக்காதீர்கள். ருசிக்கு ஆசைப்பட்டால் துணியில் நனைத்து நாக்கில் தொட்டு வைக்கலாம். தண்ணீரும் அதிகம் போனால் நுரையீரலில் கோர்த்து மூச்சுத்திணறும். சின்ன ஐஸ் கட்டி நல்லது, கொஞ்சம் தண்ணீரில் ரொம்ப நேரம் வாய் நனைந்திருக்கும்.

வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறார்களா? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தேங்கும். தூக்கம் அதிகமாகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவார். உடம்பில் அரிப்பு இருக்கிறதா, ராத்திரி தூங்குகிறாரா என்பதையும் எழுதுங்கள், அதற்கேற்ப சொல்கிறேன்.